ஓரம் உள்ளே மடித்த பொட்டலம்

என் மாமனார் என் கண்ணெதிரே மயங்கிச் சரிந்தார். எதனால் என்று எனக்குத் தெரியும். அந்த நேரத்தில் எந்த மாத்திரையை வாயில் வைத்தால் அவர் உயிர் போகும் என்பதும் தெரியும். அந்த மாத்திரையைத்தான் அவர் கேட்டார். நான் எடுத்துக் கொடுத்தேன்.

எழுதிவிட்டேன்... இனி இதை அடித்துத் திருத்தப் போவதில்லை. முதலில் நீங்கள் இதைப் படித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் வருகிற நியாயங்களில் நான் நழுவிவிடுவேன். என்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

நான் பெரிய படிப்புப் படித்தவன் இல்லை. ஏழாவதோடு நின்றவன். அடி அண்ணாமலையில் கிரிவலப் பாதையோரமாக ஒரு பூஜைச் சாமான் கடை. கற்பூரம், திருநீறு, குங்குமம், நெய்விளக்கு. பௌர்ணமி என்றால் வியாபாரம், மற்ற நாளெல்லாம் ஈ ஓட்டுவது. சின்ன வயதிலிருந்தே எனக்குக் கவலைப்படுகிற சுபாவம். கடையைப் பூட்டிவிட்டு வீடு வந்து, பூட்டினேனா என்று திரும்பப் போய்ப் பார்ப்பேன். மழை வந்தால் திருநீறு நமத்துப்போகுமே என்று கவலை. வராவிட்டால் கிணறு என்னாகுமோ என்று கவலை.

என் மனைவி மல்லிகா இதற்கு நேர் எதிர். பத்தாவது வரை படித்தவள். எது வந்தாலும், "சரி, அதுக்கு இன்னா பண்ணலாம்?" என்பாள். அந்த ஒரு கேள்வியோடு அவளுடைய கவலை முடிந்துவிடும். நான் சொல்லப்போகிற கதையில் நான் அழகாகத் தெரிய மாட்டேன். அவள் தெரிவாள். அதற்காகவும்தான் எழுதுகிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

சுனாமிக்கு முந்தைய வருஷம் எனக்குச் சர்க்கரை நோய் வந்து கொஞ்ச காலம் ஆகியிருந்தது. எங்கள் பெண் விடுதியில் தங்கிப் படித்துக்கொண்டிருந்தாள். வீட்டில் நானும் மல்லிகாவும் மட்டும். ஆனால் நான் சுவரைப் பார்த்துப் படுக்க ஆரம்பித்திருந்தேன்.

உங்களுக்குப் புரிந்திருக்கும். உடம்பு ஒத்துழைக்கவில்லை. ஒரு தரம், இரண்டு தரம் களைப்பு என்றேன். பிறகு என்ன சொல்வது? விரதம் என்றேன்! மாதா மாதம் பௌர்ணமிக்கு மலை சுற்றுகிறேன், அதற்கு முன்னும் பின்னும் சுத்தமாக இருக்கணும் என்று வேண்டிக்கொண்டிருக்கிறேன் என்றேன். இந்த ஊரில் அதைச் சொன்னால் யாரும் மறுகேள்வி கேட்க மாட்டார்கள். மல்லிகாவும் கேட்கவில்லை. எனக்காக வெங்காயம் பூண்டு இல்லாமல் சமைத்தாள். தானும் அதையே சாப்பிட்டாள்.

கடைசியில் சரக்கு வாங்கப் போகிறேன் என்று பொய் சொல்லி, பஸ் ஏறி வேலூர் போனேன். நம் ஊர் டாக்டரிடம் போனால் கம்பவுண்டருக்குத் தெரியும், கம்பவுண்டருக்குத் தெரிந்தால் டீக்கடைக்குத் தெரியும். வேலூர் டாக்டர் பொறுமையானவர். சர்க்கரைக்காரர்களுக்கு இது வருகிறதுதான், கூச்சப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி மாத்திரை எழுதினார். எழுதும்போது ஒன்று கேட்டார்.

"நெஞ்சுவலி இருக்குதா? நாக்குக்கு அடியில மாத்திரை வெக்கிற பழக்கம் உண்டா?"

"எனக்கு இல்லீங்க. என் மாமனாருக்கு உண்டு."

"அவரு கையில கூட இது படக்கூடாது. ரெண்டும் சேர்ந்தா ரத்த அழுத்தம் சர்ருனு எறங்கிடும். ஆளே போயிடுவாரு. புரியுதா?"

புரிந்தது. நன்றாகவே புரிந்தது. இதை நீங்கள் ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டும்.

மாத்திரை நீல நிறம். வேலை செய்தது. ஆனால் விலை! ஒரே ஒரு மாத்திரைக்குக் கொடுக்கிற காசில் எங்கள் வீட்டில் ஒரு நாள் சமையல் முடிந்துவிடும். ஒவ்வொரு தடவையும் அரிசியை விழுங்குகிற மாதிரி இருக்கும். மகளுடைய விடுதிப் பணம் வேறு கண் முன்னால் வந்து நிற்கும். இந்த நினைப்போடு மாத்திரை எப்படி வேலை செய்யும், சொல்லுங்கள்?

டவுனில் ஒரு மருந்துக்கடைக்காரர்தான் வழி சொன்னார். சுற்றுமுற்றும் பார்த்துக்கொண்டு நான் சீட்டை நீட்டிய விதத்திலேயே அவருக்குப் பாதி புரிந்துவிட்டது.

"நீலந்தான் வேணும்னு இல்லண்ணா. வெள்ளையில ஒண்ணு வருது. அதே மருந்து, வேற கம்பெனி. வெலை ரொம்பக் கம்மி. இன்னொண்ணு சொல்றேன், சின்ன பவரு ஒண்ணு வாங்குற காசுக்கு மேல கொஞ்சம் போட்டா பெரிய பவரே வந்துடும். வாங்கி ஒடைச்சிக்குங்க. ஆனா டாக்டர ஒரு வார்த்தை கேட்டுக்குங்க."

வெள்ளையை வாங்கினேன். பெரிய பவர் வாங்கினேன். டாக்டரை ஒரு வார்த்தை கேட்கவில்லை. வேலூர் போய்வரக் காசு ஆகுமே.

ஷேவிங் பிளேடால் நாலாக வெட்டிப் பார்த்தேன். ஒன்று பெரிசு, ஒன்று சிறிசு, மீதி தூள். அந்தத் தூளை ஊதிவிட மனசு வருமா? அப்போதுதான் எனக்கு அந்தக் கெட்டிக்கார யோசனை தோன்றியது. நான் யார்? திருநீறு பொட்டலம் மடிக்கிறவன். ஒரு சிட்டிகை கூடாமல் குறையாமல் எடுக்கிற கை இது. மாத்திரையை முழுசாகப் பொடித்தேன். பொடி ரொம்பக் கொஞ்சமாக இருந்ததால், பங்கு போடச் சௌகரியமாகத் திருநீற்றையே சேர்த்துக் கலந்தேன். நாலு பொட்டலம் மடித்தேன். வெள்ளையில் வெள்ளை. எவன் பிரித்துப் பார்த்தாலும் சாமி பிரசாதம். எனக்கு மட்டும் அடையாளம் தெரியட்டும் என்று ஓரத்தை ஒரு தடவை உள்பக்கமாக மடித்தேன். சாமி படத்துக்குப் பின்னால் வைத்தேன்.

நீலத்தையே வாங்கிக்கொண்டிருந்தால் இது நடந்திருக்குமா? திருநீறு நீலமாக இருந்திருந்தால் ஒரு குழந்தைகூடத் தொட்டிருக்காது... இதை எத்தனை முறை நினைத்திருப்பேன் என்று கேட்காதீர்கள்.

மல்லிகாவுக்கு எதுவும் தெரியாது என்றுதான் நினைத்திருந்தேன். பௌர்ணமிக்கு முந்தைய நாள்களில் நானும் அவளும் எதிரெதிரே உட்கார்ந்து பொட்டலம் மடிப்போம். அவள் விரல் ஓடுகிற வேகத்துக்கு என்னால் ஈடு கொடுக்க முடியாது. பாட்டு முணுமுணுத்துக்கொண்டே மடிப்பாள். நடுவில் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். "விரதம் எப்ப முடியுதுங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிக்காமல் இருப்பாள். அந்தச் சிரிக்காத முகத்தின் அர்த்தம் எனக்கு அப்போது எட்டவில்லை.

அந்தப் பௌர்ணமிக்கு மாமனார் செங்கம் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்திருந்தார். மல்லிகா ஒரே பெண். மனைவி போன பிறகு அவருக்கு எல்லாமே இவள்தான். நெஞ்சுவலி வந்து பிழைத்தவர். தினமும் மாத்திரை. அவசரத்துக்கு நாக்குக்கு அடியில் வைக்கிற மாத்திரை ஒரு சின்ன டப்பாவில், மஞ்சள் பையில். இருந்தாலும் பௌர்ணமிக் கூட்டத்தில் மகள் ஒற்றையாய்க் கஷ்டப்படுவாளே என்று வந்து கல்லாவில் உட்கார்ந்துகொள்வார். என்னிடம் எப்போதும் ஒரு மரியாதை. ஏழாவது படித்த என்னை, ஊரில் எல்லோரிடமும் "கடை மொதலாளி எங்க மாப்ள" என்பார்.

சாயங்காலம். மல்லிகா மத்தியானமே வீட்டிலிருந்த பொட்டலத்தையெல்லாம் வாரிக் கடைக்கு எடுத்துப் போய்விட்டாள். நான் மிச்சச் சரக்கை மூட்டை கட்டிக்கொண்டிருந்தேன். மாமனார் குளித்துவிட்டு வந்து சாமி படத்துக்கு முன்னால் நின்றார். கிண்ணத்தில் திருநீறு இல்லை. நெற்றியில் இடாமல் வெளியே கிளம்புகிறவர் இல்லை அவர். கையை நீட்டிப் படத்துக்குப் பின்னால் துழாவினார்.

நான் நிமிர்ந்தபோது பொட்டலம் பிரிந்திருந்தது. நெற்றியில் மெல்லிசாக ஒரு பூச்சு. மிச்சத்தை அண்ணாந்து வாயில் போட்டுக்கொண்டார். காகிதம் அவர் விரலில் இருந்தது. ஓரம் உள்ளே மடித்த காகிதம்.

"இன்னா மாப்ள, துண்ணூறு இப்படிக் கசக்குது? எந்த ஊர் சாணம்?"

சிரித்தார். நானும் சிரித்தேன்.

அப்போதே சொல்லியிருக்கலாம். வாயைக் கொப்பளிக்கச் சொல்லியிருக்கலாம். கையைப் பிடித்து டாக்டரிடம் இழுத்துப் போயிருக்கலாம். ஆனால் என்னவென்று சொல்வது? பெண்ணைக் கொடுத்த மனிதரிடம், அவர் வீட்டு மாப்பிள்ளை, எதற்காக அந்த மாத்திரை தின்கிறான் என்று எந்த வாயால் சொல்வது?

கால் பங்குதானே என்று நினைத்தேன். பாதி நெற்றிக்குப் போய்விட்டதே என்று நினைத்தேன். மலை இருக்கிறது, பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தேன். வழியெல்லாம் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நடந்தேன். கடைக்கு வந்ததும் விசிறி எடுத்துக் கொடுத்தேன். சோடா வாங்கிக் கொடுத்தேன். "உக்காருங்க மாமா, உக்காருங்க" என்று நச்சரித்தேன். என் கவலை எல்லா வேலையும் செய்தது. வாயைத் திறக்கிற ஒரு வேலையை மட்டும் செய்யவில்லை.

கூட்டம் பெருகி, பாதை முழுக்கத் தலையாகத் தெரிந்த நேரம். மாமனார் கல்லாவில் இருந்தபடியே பக்கவாட்டில் சாய்ந்தார். சட்டையெல்லாம் வேர்வை.

"கண்ணு இருட்டுது மாப்ள... நெஞ்ச அடைக்குது. பையில அந்த டப்பா... எடுங்க."

மஞ்சள் பை என் காலடியில். மல்லிகா கடைக்கு வெளியே விளக்கு விற்றுக்கொண்டிருந்தாள். கற்பூரம் கேட்டு நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். எல்லார் கண்ணும் என் மேல். குனிந்தேன். டப்பாவை எடுத்தேன். மூடியையும் நானே திறந்தேன். வேலூர் டாக்டரின் குரல் காதில் அப்படியே கேட்டது. கொடுத்தேன்... அவர் உள்ளங்கையில் வைத்தேன்.

ஏன்? இத்தனை வருஷமாக இதைத்தான் என்னிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன். அவர் சாக வேண்டும் என்று நான் ஒரு கணமும் நினைத்ததில்லை. கொடுக்காமல் இருந்தால் ஏன் என்று கேட்பார்கள். அவ்வளவுதான்! அந்த "ஏன்" என்கிற கேள்விக்குப் பயந்து ஓர் உயிரைப் பணயம் வைத்தேன்.

மல்லிகா உள்ளே பாய்ந்து வந்தாள். அப்பாவைத் தாங்கிப் பிடித்தாள்.

"இன்னாப்பா சாப்ட்ட? வெயில்ல நின்னியா?"

"ஒண்ணும் இல்லம்மா... உங்க வீட்டுத் துண்ணூறு ஒண்ணு வாயில போட்டேன். படத்துக்குப் பின்னாடி இருந்துச்சி. ஒரே கசப்பு."

அவள் ஒரு நொடி என்னைப் பார்த்தாள். அடுத்த நொடி அப்பாவின் கையில் ஓங்கி ஓர் அடி. மாத்திரை தெறித்து நெய்விளக்குத் தட்டில் விழுந்தது. பெற்ற அப்பனை அடிக்கிறாளே என்று யாரோ ஒரு பெண் கூவினாள். மல்லிகா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பூக்காரம்மா, வண்டிய காலி பண்ணுங்க. ஏங்க, கால புடிங்க."

பௌர்ணமியன்று கிரிவலப் பாதையில் வண்டி எதையும் விட மாட்டார்கள். பக்கத்துக் கடைப் பூக்காரம்மாவின் தள்ளுவண்டியில் அவரைக் கிடத்தி, கூட்டத்துக்கு எதிராகத் தள்ளிக்கொண்டு போனோம். "வழி விடுங்க, வழி விடுங்க" என்று அவள் முன்னால் ஓடினாள். பாதையோரம் மருத்துவ முகாம் போட்டிருந்தார்கள். சின்ன வயது டாக்டரம்மா ஒருத்தி. சுற்றிலும் கால் வலிக்கு மருந்து தடவிக்கொண்டு ஒரு கும்பல்.

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் முந்திக்கொண்டாள் என்று எழுத ஆசையாக இருக்கிறது. பொய். நான் திறக்கப் போவதாகவே இல்லை. மல்லிகாதான் சொன்னாள். பத்து ரூபாய்க்குக் கற்பூரம் கொடுங்கள் என்று கேட்டால் எந்தக் குரலில் பதில் சொல்வாளோ, அதே குரலில்.

"டாக்டரம்மா, இவரு நெஞ்சுவலிக்கு டெய்லி மாத்திரை சாப்பிடறவரு. எங்க வீட்டுக்காரருக்கு சுகர். ஆம்பிளைங்க சாப்பிடற மாத்திரை ஒண்ணு டாக்டர் எழுதிக் குடுத்திருக்காரு. அத துண்ணூறுல கலந்து வெச்சிருந்தாரு. அப்பா தெரியாம வாயில போட்டுக்கினாரு. நாக்குக்கு அடியில வெக்கிறத நான் வெக்க விடல."

டாக்டரம்மா சட்டென்று நிமிர்ந்தாள். "எவ்ளோ சாப்பிட்டாரு?"

மல்லிகா என்னைப் பார்த்தாள்.

"நூறு பவரு மாத்திரையில கால் பங்கு," என்றேன். அன்று நான் சொன்ன ஒரே உபயோகமான வார்த்தை அது.

பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். "சாமி துண்ணூறுலயே வெச்சிருக்காருடா மனுசன்!"

மல்லிகா திரும்பினாள். "ஏன்யா, உங்க வீட்டு ஆம்பிளைங்களுக்கெல்லாம் சுகரே வராதா?"

சிரிப்பு நின்றது. தரையைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கு அவள் புடவையின் கரை மட்டும்தான் தெரிந்தது. எண்ணெய் பட்ட கரை. அந்த நிமிஷம் அவள் காலில் விழலாம்போல இருந்தது. ஊரே பார்க்க என் மானத்தைச் சந்தியில் வைத்தாள் என்று வேறு ஒருவன் நினைத்திருப்பான். எனக்கு அப்படித் தோன்றவே இல்லை. நான் சுமக்க முடியாமல் கிடந்ததை ஒரு கையால் தூக்கி ஓரமாக வைத்துவிட்டாளே என்றுதான் இருந்தது.

படுக்கவைத்துக் காலை உயர்த்தினார்கள். குளுக்கோஸ் ஏற்றினார்கள். முகாம் ஆம்புலன்ஸில் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். மாமனார் பிழைத்துக்கொண்டார். அந்த இன்னொரு மாத்திரை உள்ளே போயிருந்தால் வழியிலேயே முடிந்திருக்கும் என்று டாக்டரம்மா மல்லிகாவிடம் சொன்னாள். இவளுக்கு இது எப்படித் தெரியும் என்று கேட்கிறீர்களா? அப்பாவைப் பரிசோதனைக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் அங்கே இதைக் கேட்பார்களாம், அந்த மாதிரி மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா என்று. "எனக்கு எதுக்கு சாமி அது?" என்று மாமனார் வெட்கப்பட்டுச் சிரிப்பாராம். பக்கத்தில் நின்ற மல்லிகா ஏன் கேட்கிறார்கள் என்று கேட்டுத் தெரிந்துகொண்டிருக்கிறாள். நான் பயந்து மூடி வைத்ததை அவள் கேட்டுத் திறந்து வைத்திருந்தாள்.

மறுநாள் காலை, ஆஸ்பத்திரியில் மாமனார் கண்மூடிப் படுத்திருந்தார். கட்டிலுக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் நான்.

"உனக்கு... முன்னாடியே தெரியுமா?" என்றேன்.

"நான் மடிக்கிற பொட்டலத்துல ஓரம் உள்ள போகாதுங்க. அது தெரியாதா எனக்கு? பிரிச்சி நாக்குல வெச்சிப் பாத்தேன். அப்புறம் உங்க சட்டைப் பையில மாத்திரை அட்டை."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு பாத்தேன். காசு மிச்சம் புடிச்சீங்க, சரி. எங்கிட்டப் பேசறத எதுக்குங்க மிச்சம் புடிச்சீங்க?"

நான் அழுதேன். அவள் கட்டிலைச் சுற்றி வந்து என் தோளில் கை வைத்தாள். பிறகு அதைச் சொன்னாள்.

"உங்க மேல தப்பு இல்ல. அப்பா அத வாயில போட்டது உங்களுக்கு எப்படித் தெரியும்? நீங்க மூட்டை கட்டினு இருந்திருப்பீங்க. தெரிஞ்சிருந்தா டப்பாவ எடுத்துக் குடுத்திருப்பீங்களா?"

நீங்களே சொல்லுங்கள், அதற்கு நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்?

"ஆமா... தெரியாது," என்றேன்.

கட்டிலில் மாமனாரின் கண் திறந்திருந்தது. எவ்வளவு நேரமாகத் திறந்திருந்ததோ. என்னைப் பார்த்தார். கசக்குது என்று என் முகத்தைப் பார்த்துச் சொன்னவர் அவர். நான் சிரித்ததைப் பார்த்தவர். கண்ணை மூடிக்கொண்டார்.

அடுத்த வாரமே மல்லிகா என்னை இழுத்துக்கொண்டு வேலூர் போனாள். பொடி செய்து வைத்தால் அளவும் தெரியாது, மருந்தும் கெட்டுப்போகும் என்று டாக்டர் என்னைத் திட்டித் தீர்த்தார். அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, எந்த அளவு போதும், சரிபாதியாக உடைக்க நடுவில் கோடு போட்ட மாத்திரை இருக்கிறதா, விலை குறைந்த கம்பெனி எது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். டவுன் மருந்துக்கடையில், நாலு பேர் நிற்கும்போது, "அண்ணா, எங்க வீட்டுக்காரருக்கு அந்த மாத்திரை. முழு அட்டை வாங்குறோம், வெலைய பாத்துப் போடுங்க" என்றாள். கடைக்காரர்தான் கூச்சப்பட்டார். தினமும் விடியற்காலையில் என்னை மலையடிவாரத்தில் நடக்க வைத்தாள். சர்க்கரை இறங்கியது. மாத்திரையின் தேவையும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. பிளேடும் கையுமாக நான் மிச்சம் பிடித்ததைவிட அவள் வாயைத் திறந்து மிச்சம் பிடித்தது ஜாஸ்தி. விரதம் என்ற பேச்சை அதற்குப் பிறகு நான் எடுத்ததில்லை. வீட்டில் வெங்காயம் வதங்குகிற வாசனை திரும்ப வந்தது.

மாமனார் அதன்பிறகும் சில வருஷம் இருந்தார். பௌர்ணமிக்கு வருவார். கல்லாவில் உட்காருவதற்கு முன் நான் ஒரு பொட்டலம் பிரித்துத் திருநீறு நீட்டுவேன். ஒரு சிட்டிகை எடுத்து, வாய் வரை கொண்டுபோய் நிறுத்துவார்.

"கசக்காது இல்ல மாப்ள?"

மல்லிகா விழுந்து விழுந்து சிரிப்பாள். "உனக்குக் கொழுப்பு போகலப்பா," என்பாள். நானும் சிரிப்பேன். அவர் சிரிக்க மாட்டார். என்னையே பார்த்தபடி வாயில் போட்டுக்கொள்வார். ஒவ்வொரு பௌர்ணமிக்கும் கேட்டார். ஒருமுறைகூட மகளிடம் சொல்லவில்லை. என்னை "மொதலாளி" என்பதையும் நிறுத்தவில்லை. அந்த மனிதரின் பெருந்தன்மையா அது, தண்டனையா... இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. இரண்டுமாக இருக்கலாம்.

அவர் போன பிறகாவது பாரம் இறங்கும் என்று நினைத்தேன். தூக்கத்திலேயே போனார், சொந்த வீட்டில். குளிப்பாட்டிக் கிடத்தியிருந்தார்கள். மல்லிகா எங்கள் கடைப் பொட்டலம் ஒன்றை என் கையில் கொடுத்தாள். அழுது சிவந்த கண்ணோடு, "நீங்க வெச்சி விடுங்க. அப்பா உங்க கையாலதான் வாங்குவாரு," என்றாள்.

பிரிப்பதற்கு முன் காகிதத்தின் ஓரத்தைத் தடவிப் பார்த்தேன். மடிப்பு இல்லை. அவள் மடித்தது.

நெற்றியில் பூசினேன். வழக்கப்படி ஒரு சிட்டிகை வாயருகே கொண்டுபோனேன். கை அங்கேயே நின்றுவிட்டது. பக்கத்தில் இருந்தவர்கள் என் தோளைத் தட்டினார்கள். மாப்பிள்ளைக்கு மாமனார்மேல் எவ்வளவு பாசம் பார் என்று யாரோ சொன்னார்கள்.

"மயக்கம் போட்டு உழுந்த அன்னிக்கும் இப்படித்தான் பதறிப்போய் நின்னாரு," என்றாள் மல்லிகா. "பாவம், அவருக்கு ஒண்ணுமே தெரியாது."